திருச்சுழிப் பக்கம் பள்ளிக்கூடம் தேடிப் போனோம்

அருப்புக்கோட்டையில் பள்ளிக்கூடத்தைப் பெயர் சொல்லி விசாரித்தால் காரியம் நடக்காது. சட்டையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். இது தெரியாமல், வந்து இறங்கிய செவ்வாய்க்கிழமை காலையில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் நின்று, போனில் குறித்து வைத்திருந்த ஐந்து பெயர்களையும் வரிசையாக வாசித்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "கட்டம் போட்ட சட்டையா, ரோஸ் சட்டையா, அதச் சொல்லுங்க" என்றார்.

பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த ஒருவர், ரோஸ் சட்டைக்காரப் பிள்ளைகள் இங்கிலீஷில் வெளுத்து வாங்கும், கணக்கு என்றால் கட்டம் போட்ட சட்டைதான் என்று தீர்ப்புச் சொன்னார். மருத்துவப் படிப்பு கனவு இருந்தால் கவர்மெண்டு பள்ளிக்கூடம்தான் நல்லது, அதற்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது என்றார் இன்னொருவர். ஐந்து நிமிடத்தில் எனக்குக் கிடைத்த தகவல், புனேயில் மூன்று வாரம் இணையத்தைத் துழாவியும் கிடைக்காதது.

என் மனைவி சுதா சூரிய மின் நிலையங்களில் வேலை செய்கிற பொறியாளர். திருச்சுழிக்குக் கிழக்கே புதிதாக வரும் நிலையத்துக்கு அவளைப் பொறுப்பாளராகக் கூப்பிட்டிருந்தார்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் எதிர்பார்த்திருந்த பொறுப்பு அது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கயலுக்கு ஒத்துவருகிற பள்ளிக்கூடம் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அவள் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாள். நான் வீட்டில் உட்கார்ந்து படம் வரைந்து பிழைப்பவன். ஆகவே தேடுகிற வேலை என் தலையில் விழுந்தது.

கயல் எங்கள் மகள். பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேல், அவளுக்குப் பேச்சு திக்கும். சில நாள் லேசாக, சில நாள் ஒரு சொல்லே வெளியே வராமல். புனே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக எழுந்து பாடம் வாசிப்பார்கள். கயலின் முறை வந்தால் டீச்சர் சிரித்த முகத்தோடு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவார். அந்த ஏற்பாட்டைப் பிரின்சிபாலிடம் பேசி வாங்கியவன் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இங்கேயும் அதையே வாங்கிவிட வேண்டும் என்று வந்திருந்தேன்.

முதல் நாள் ரோஸ் சட்டைக்குப் போனோம். வாசலில் பிள்ளைகள் எங்களுக்கு இங்கிலீஷில் வணக்கம் சொன்ன தினுசில் எனக்கே நாக்கு குழறியது. பிரின்சிபால் அம்மா உற்சாகமானவர். கயலின் விஷயத்தைச் சொன்னதும், மேடையில் ஏற்றிவிட்டால் ஆறே மாதத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்றார். கயல் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். கட்டம் போட்ட சட்டையில் விடியற்காலைக்கும் இரவுக்கும் நடுவில் பாடத்தைத் தவிர வேறெதற்கும் இடமில்லை போலிருந்தது. ஆனால் அங்கே வராந்தாவில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு நெசவாளர் வீட்டுப் பெண், யாரும் கேட்காமலே நாற்காலியைக் கயலுக்கு நகர்த்திக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து கணக்கைத் தொடர்ந்தது.

சாயந்திரம், தறிச் சத்தம் கேட்கும் தெருவில் இருந்த ஒரு பழைய பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அங்கிருந்த டீச்சர் ஒளிக்காமல் பேசினார். தமிழ் வாசிக்கத் தெரியாமல் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு வருடம் திண்டாட்டம்தான், அதற்குத் தயாராக இருந்தால் வாருங்கள் என்றார். சேர்க்கச் சொல்லி ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. அப்படிப் பேசுகிறவர்களை எனக்கு உடனே பிடித்துவிடும்.

அன்று ராத்திரி எண்ணெய் புரோட்டா சாப்பிட்டோம். புனேயில் பாதி சப்பாத்தியோடு எழுந்துவிடுகிற பெண், மொறுமொறு என்று நாலு புரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து உள்ளே தள்ளினாள். கடைக்காரர், "தாயிக்கு இன்னொண்ணு போடவா?" என்று கேட்டார். "அவளுக்குப் போதும்" என்று நான் சொன்னேன். கயல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பாலவனத்தம் போகும் சாலையில் இருந்த பெரிய பள்ளிக்கூடம். சுற்றிலும் கரிசல் காடு, நடுவில் விமான நிலையம் மாதிரிக் கட்டடம். இந்தி உண்டு, நீச்சல் குளம் உண்டு, குளத்தில் தண்ணீர் இல்லை. என் கோரிக்கையைக் கேட்டதும் அலுவலக மேலாளர், "ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க சார். வாசிக்கவே சொல்ல மாட்டோம். கடைசி வரிசையில வசதியா உக்காந்துக்கிறட்டும்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வந்த வேலை முடிந்தது என்று அங்கிருந்தே சுதாவுக்குப் போன் போட்டேன்.

சுதா இரண்டு கேள்வி கேட்டாள். மின் நிலையத்துப் பக்கம் வீடு எடுத்தால் பள்ளிக்கூட பஸ் காலையில் எத்தனை மணிக்கு வரும் என்பது முதல் கேள்வி. ஆறு மணிக்கு என்றேன். கயல் என்ன சொல்கிறாள் என்பது இரண்டாவது. "அவளுக்கும் பிடிச்சிருக்கு" என்றேன். கயல் அப்போது ஜன்னல் வழியாகத் தண்ணீர் இல்லாத குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கும் திருச்சுழிப் பக்கத்தையும் பார்த்துவிட்டு வா என்று சுதா சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை நடந்ததுதான் கூத்து. பஸ் ஸ்டாண்டில் நாலைந்து பஸ்கள் ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டு நின்றன, கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். கயலின் கையைப் பிடித்து ஒன்றில் ஏற்றினேன். படியில் காலை வைத்தவள் திரும்பி, "அப்பா, இ... இது ப... ப..." என்றாள். "பசிக்குதா? இறங்கினதும் சாப்பிடலாம், ஏறு" என்று உள்ளே தள்ளிவிட்டு ஜன்னலோர இடம் பிடித்தேன்.

கண்டக்டர் கயலுக்கு மகளிர் டிக்கெட்டை இலவசமாகக் கிழித்துக் கொடுத்துவிட்டு, என்னிடம் மட்டும் காசு கேட்டார். திருச்சுழி என்றேன். அவர் பையை மூடிவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "இது பந்தல்குடி போற பஸ்ஸு சார். பாப்பாதான் படியிலயே கேட்டுச்சே. நீங்கதான் அத முடிக்கவிடாம இழுத்துட்டுப் போயிட்டீக" என்றார். தூத்துக்குடி ரோட்டில் பஸ் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

பந்தல்குடியில் லாரிகள் வரிசையாக நின்றன. சாலையோரத்தில் அவித்த பனங்கிழங்கு விற்ற பெண்ணிடம் வழி கேட்டேன். குறுக்கே கிராமங்கள் வழியாக ஒரு மினி பஸ் போகும், அதில் போய்ப் பாதியில் இறங்கி மாறினால் திருச்சுழி என்றார். கிழங்கின் நாரை உரிக்கக் கயலுக்குச் சொல்லிக் கொடுத்தார். பத்து வருடம் அவளுக்கு நான் ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தது வீண் என்று தோன்றுகிற மாதிரி அவள் அதைச் சாப்பிட்டாள்.

அந்த வழி அழகான வழி. பசுமை என்று பெரிதாக எதுவும் கிடையாது. கறுத்த மண், வேலிக்கருவேல், மிளகாய் காய்கிற களங்கள். ஓரிடத்தில் அறுத்த கொத்தமல்லிச் செடியைச் சாலையிலேயே பரப்பி வைத்திருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறினால் மணி உதிர்ந்துவிடும், ஆள் வைத்து அடிக்க வேண்டியதில்லை. டிரைவர் வேகத்தைக் குறைத்து, அதன் மேலேயே பொறுப்பாக ஓட்டினார். பஸ் முழுக்க மல்லி வாசனை ஏறியது.

மாற வேண்டிய ஊரில் இறங்கினால் மேளச் சத்தம். பெண்கள் தலைக்கு மேல் தட்டுகளோடு வரிசையில் வந்தார்கள். பின்னால் ஒரு டிராக்டரில் பீரோ, மின்விசிறிகள், பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் சுத்தம் செய்கிற எந்திரம். யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்டேன். வரிசையில் வந்த செல்லத்தாய் என்ற அம்மாள், "கல்யாணம் இல்ல சார். எங்க ஸ்கூலுக்குச் சீரு கொண்டுபோறோம். சும்மாதான நிக்கிறீக, இதப் பிடிங்க" என்று தன் கையிலிருந்த தட்டை என் கையில் வைத்துவிட்டார். தட்டில் வாழைப்பழமும் ஒரு சுவர்க் கடிகாரமும் இருந்தன. கயலுக்குப் பென்சில் டப்பாக்கள் அடுக்கிய தட்டு. ஊர், பெயர் எதுவும் கேட்காமலே எங்களை வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.

நடந்துகொண்டே செல்லத்தாய் விவரம் சொன்னார். சில வருடங்களுக்கு முன்னால் பிள்ளைகள் எல்லாம் வேனில் டவுனுக்குப் போய்விட, பள்ளிக்கூடத்தை மூடுகிற நிலைமை வந்திருக்கிறது. தலைமையாசிரியை வீடு வீடாகப் படியேறியிருக்கிறார். நிலம் வைத்திருக்கிற காட்டுக்காரர்கள் வீட்டுக்கும் போனார், ஒரு காலத்தில் அந்தக் காட்டில் கூலிக்கு நின்று இன்று லாரியும் மில் வேலையுமாக இருப்பவர்கள் வீட்டுக்கும் போனார். இப்போது இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கின்றன, இரண்டு தெருக்காரர்களும் ஒரே வரிசையில் தட்டு எடுத்துப் போகிறார்கள். செல்லத்தாயின் வீட்டுக்காரர் லாரி டிரைவர். அந்தக் கடிகாரம் அவர் ஓசூரிலிருந்து வாங்கி வந்தது.

பள்ளிக்கூட வாசலில் தலைமையாசிரியை பஞ்சவர்ணம் டீச்சர் ஆரத்தித் தட்டோடு நின்றார். பெண்கள் குலவையிட்டார்கள். கயலுக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே புரியவில்லை, ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் தட்டை வாங்கிய பிறகுதான் இந்த ஆள் யார் என்று டீச்சர் கேட்டார். சொன்னேன். வழக்கமான கோரிக்கையையும் சொன்னேன். அவர் கயலை ஒருமுறை பார்த்துவிட்டு, "நாளைக்கு வகுப்பு நடக்கும்போது வாங்க சார். சீர் அன்னைக்கு எந்த ஸ்கூலும் அழகாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த ஒரு பேச்சுக்காகவே வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி போனோம். இந்த முறை பெயர்ப்பலகையை மூன்று தடவை வாசித்துவிட்டுத்தான் ஏறினேன். பஸ்ஸில் பாதிப்பேர் ஆசிரியர்கள். மடியில் நோட்டுகளை வைத்துத் திருத்திக்கொண்டே வந்தார்கள். பள்ளம் வருகிற இடங்களில் எல்லாச் சிவப்பு மைப் பேனாக்களும் ஒரே நேரத்தில் மேலே தூக்கிக்கொண்டன.

காலைச் சாப்பாடு பள்ளிக்கூடத்திலேயே. ரவா கிச்சடி, சாம்பார். கயலுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். சீரில் வந்த மின்விசிறிகள் அதற்குள் மாட்டப்பட்டிருந்தன. நான் சுமந்த கடிகாரமும் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது.

எட்டாம் வகுப்பு வரை இருக்கிறது. சிறிய வகுப்புகள் நாலும் ஒரே கூடத்தில். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால், ஐந்தாம் வகுப்பு பின்னால். கயலை ஐந்தாம் வகுப்போடு உட்காரவைத்து, என்னை ஓரத்து பெஞ்சில் போட்டார்கள். இங்கிலீஷ் பாடம். ஒரு பிள்ளை எழுந்து ஒரு வரி வாசிக்கும். கூடமே அதைத் திருப்பிச் சொல்லும். வாசிக்கிற பிள்ளை எப்படிச் சொல்கிறதோ அப்படியே சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஒரு பிள்ளை இருமிக்கொண்டே வாசித்தது. முன் வரிசைப் பொடிசுகள் இருமலையும் சேர்த்து அச்சு மாறாமல் திருப்பிச் சொன்னார்கள். வாசிக்கிறவர் முடித்து உட்காரும் வரை யாரும் எழக்கூடாது என்பது இன்னொரு சட்டம். இப்படிக் கத்திப் படிப்பதை நான் பல இடங்களில் கேலி செய்திருக்கிறேன். அன்று காலையில் அந்தக் கூடத்தில் ஒரு பிள்ளைகூடச் சும்மா இருக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

வரிசை கயலிடம் வந்தது. பஞ்சவர்ணம் டீச்சர் நான் கேட்டுக்கொண்டதை மறக்கவில்லை. கயலைத் தாண்டி அடுத்த பிள்ளையைக் கைகாட்டினார். எனக்குத் திருப்தி. அப்போது கயல் கையைத் தூக்கினாள்.

"என்ன தாயி?" என்றார் டீச்சர். கயல் எழுந்து நின்றாள். "டீச்சர், எ... எனக்கு..." என்று ஆரம்பித்தாள், சொல் அடைத்துக்கொண்டது. "தண்ணி வேணும்போல டீச்சர்" என்றேன் நான். டீச்சர் என் பக்கம் திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "அவ சொல்லட்டும் சார்" என்றார்.

கயலின் கழுத்து நரம்பு புடைத்தது. எனக்குத் தெரிந்த வேதனைதான், ஆனால் அத்தனை நேரம் அதைச் சும்மா பார்த்துக்கொண்டு நான் ஒருநாளும் இருந்ததில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. முட்டை அவிந்த வாசனை ஜன்னல் வழியாக வந்தது. முன் வரிசையில் ஒன்றிரண்டு தலைகள் சமையல் கூடத்தின் பக்கம் திரும்பின, பிறகு தாமாகவே திரும்பி வந்தன. நிற்கிறவள் இன்னும் உட்காரவில்லை, அதனால் யாரும் எழவில்லை.

"எனக்கு மு... மு... முறை கிடையாதா?" என்று கயல் கேட்டு முடித்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததிலிருந்து அவளிடமிருந்து எதைப் பிடுங்கி, அதைப் பாதுகாப்பு என்று சொல்லி வந்திருக்கிறேன் என்று அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது. என் மகளுக்கு என்ன வேண்டும் என்று போன பள்ளிக்கூடங்களிலெல்லாம் நான் சொல்லியிருக்கிறேன். அவளிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

டீச்சர், "இருக்கு. வாசி" என்றார்.

கயல் புத்தகத்தை எடுத்தாள். "தி க்... க்... க்... கௌ கேம் டு தி டேங்க்" என்று வாசித்தாள். கூடம் முழுவதும் மூச்சு வாங்கி, ஒரே குரலில், "தி க்... க்... க்... கௌ கேம் டு தி டேங்க்" என்றது.

கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். எழுந்தே விட்டேன். ஆனால் ஒரு முகத்திலும் கேலி இல்லை. சட்டப்படி அவள் சொன்னதைச் சொன்னார்கள், அவ்வளவுதான். முன்னால் இருந்த ஒரு பொடிசு மூன்று 'க்' சரியாக வந்ததா என்று விரல் விட்டுப் பார்த்துக்கொண்டது. கயல் புத்தகத்துக்கு மேலாக அவர்களைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். வீட்டில் சிரிக்கிற சிரிப்பு. டீச்சர் யாரையும் திட்டவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. "அடுத்த வரி" என்றார். அடுத்த வரியில் ஒரே ஒரு இடத்தில்தான் அடைத்தது. அதையும் அவர்கள் விடாமல் திருப்பிச் சொன்னார்கள். முட்டை அன்று எல்லோருக்கும் ஆறிப்போய்த்தான் கிடைத்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு டீச்சரிடம் பேசினேன். அவர் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. தமிழ் எழுத்துக்கு இரண்டாம் வகுப்பு வரிசையில்தான் உட்கார வேண்டியிருக்கும், இந்தி கிடையாது, எட்டாவது முடிந்தால் திருச்சுழிக்குப் போக வேண்டும் என்றார். பேச்சுப் பயிற்சிக்கு மதுரைக்குத்தான் போக வேண்டும், அதை நிறுத்திவிடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். "திக்குறத நாங்க சரி பண்ணிருவோம்னு சொல்ல மாட்டேன் சார். பதிவேட்டுல பேரு இருந்தா முறை வரும். அத மட்டுந்தான் சொல்ல முடியும்" என்றார். நாலு நாளில் நான் கேட்டவற்றில் மிகக் குறைவான வாக்குறுதி அது. எனக்கு அது போதும் என்று பட்டது.

பஸ் நிறுத்தத்தில் வேப்ப மரத்தடியில் நின்று சுதாவைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "என்ன, பார்த்தாச்சா? கயலுக்குப் பிடிச்சிருக்கா?" என்றாள். பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. போனைக் கயலிடம் கொடுத்தேன்.

"அம்மா, இங்க எ... எ..." என்று ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து சாலை வளைவில் அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றது. அதை விட்டால் அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "ஏறுறீகளா சார்?" என்று கேட்டார். கயல் என்னைப் பார்க்கவில்லை. மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, அடைத்த சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சுதா காத்திருந்தாள்.

"நீங்க போங்க" என்று கண்டக்டருக்குக் கை காட்டினேன். பஸ் போனது. புழுதி அடங்கும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. "எனக்கு முறை இருக்கும்மா" என்று கயல் சொல்லி முடித்தாள்.